ஈரக் கால் வைக்காத இடம்

வெறுங்காலோடு நடக்கிற தரையைச் சுத்தமாக வைத்திருப்பது சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். செருப்பு வராது, மண் வராது, அப்புறம் என்ன அழுக்கு என்பார்கள். தெருமண்ணைக் கூட்டித் தள்ளிவிடலாம். மனிதனிடமிருந்து வருவதுதான் ஒட்டிக்கொள்ளும். வியர்வை, முடி, நகத்துணுக்கு, குதிகாலில் உரிந்த தோல், சில நாட்களில் மூக்கிலிருந்து ஒரு சொட்டு இரத்தம். இத்தனையும் துடைத்தால்தான் மறுநாள் இன்னொருவர் அங்கே கன்னத்தை வைக்க முடியும்.

என் தம்பி நடத்திய ஜூடோ கூடம் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருந்தது. கீழே படுக்க மெத்தை, மேலே விழ மெத்தை என்று மாணவர்கள் சிரிப்பார்கள். தரை முழுவதும் தடித்த ரப்பர் விரிப்புகள், மேட்டுகள் என்போம்; நடுவில் பச்சை, ஓரத்தில் சிவப்பு. அவன் எல்லோருக்கும் மாஸ்டர், எனக்குத் தம்பி. நகம் வெட்டியிருக்கிறதா, தோலில் படையோ புண்ணோ இருக்கிறதா என்று நான் வாசலில் பார்த்த பிறகுதான் யாரும் உள்ளே போகலாம். அதனால் எனக்கு 'இன்ஸ்பெக்டர் அக்கா' என்று பெயர். நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைகள் பாசமாக வைத்தது.

நீங்கள் கேட்டதைப் புரியவைக்க, துடைக்கிற முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முதலில் கிருமிநாசினி கலந்த சோப்புத் தண்ணீர். அதன் பிறகு வெறுந் தண்ணீர், இரண்டு தடவை. சோப்பு மிச்சமிருந்தால் காய்ந்த பிறகு கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. வியர்வை பட்டதும்தான் வழுக்கும். அதனால் எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. துடைத்தவர் எவரோ, அவர் காலை வாளியில் நனைத்துக்கொண்டு எல்லா மேட்டிலும் ஒருமுறை நடந்துவிட வேண்டும். சோப்பு இருந்தால் ஈரக் கால் சொல்லிவிடும். விழுந்தால் துடைத்தவர்தான் விழ வேண்டும் என்பது தம்பி வைத்த சட்டம். அவன் துடைக்கிற நாளில் அவனும் நடப்பான். நான் நடந்து முடித்து மேட்டை விட்டு இறங்கிய பிறகு, எல்லோரும் எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஏறுவார்கள். எனக்கு வாழ்க்கையில் வேறு யாரும் அப்படி வணக்கம் வைத்ததில்லை.

அம்மா இறந்தபோது தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். அப்பா வேலைக்கு என்று வெளியூர் போனவர், அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டார். நான் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா ஆகிவிட்டேன். பிறகு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு எடுத்தா பையன் இலவசமா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே அவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அதற்குப் பிறகு வரன் எதுவும் பார்க்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவன் என் கண்ணுக்குள் வளர்ந்த பிள்ளை, அவ்வளவுதான்.

அந்தப் பெண் மருத்துவமனையில் பிசியோதெரபி செய்கிறவள். உடம்பைச் சரியாக வைத்துக்கொள்ள வந்தாள், கூடத்திலேயே நின்றுவிட்டாள். பிசியோ என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். நகம் எப்போதும் ஒட்ட வெட்டியிருப்பாள், வாசலில் நான் சொல்லாமலே பாதத்தைத் தூக்கிக் காட்டுவாள். நல்ல பெண். அதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இருவரும் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னபோது நான்தான் முதலில் சர்க்கரை எடுத்துக் கொடுத்தேன். ஆனால் அவளுக்கு வேறு நகரத்தில், பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்துவிட்டது. கூடத்தை மூத்த மாணவன் ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டுத் தம்பியும் அவளோடு போவதாக முடிவானது.

"அக்கா, நீங்களும் வந்துடுங்க. உங்களுக்குன்னு ஒரு ரூம் பாத்து வெச்சிருக்கேன்," என்றாள்.

"அங்க மேட் தொடைக்கற வேலையெல்லாம் கெடையாதுக்கா. காலை நீட்டிட்டு உக்காரு. இத்தன வருஷம் ஒழச்சது போதும்," என்றான் தம்பி.

அவன் எனக்குப் பரிசு கொடுக்கிற முகத்தோடுதான் சொன்னான். காலை நீட்டிக்கொண்டு உட்காரும் வீட்டில் எனக்கு என்ன வேலை? அவனுக்குச் சோறு போட அவள் இருப்பாள், அவன் துணியை மிஷின் துவைக்கும். நான் விருந்தாளி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்.

கூடத்தை ஒப்படைக்கிற மாலை, பெற்றோர்களைக் கூப்பிட்டு ஒரு சின்ன செயல்விளக்கம் வைத்திருந்தார்கள். கடைசியில் மாஸ்டரும் பிசியோவும் செய்து காட்டுவதாக ஏற்பாடு. அவள் எப்போதும் ஜன்னல் ஓரத்து மேட்டில் நின்றுதான் ஆரம்பிப்பாள். அன்று வழக்கம்போல் கூடம் முழுவதையும் துடைத்தேன். அந்த ஒரு மேட்டுக்கு மட்டும் வெறுந் தண்ணீர் காட்டவில்லை.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லும்படி வக்கீல் இன்று காலை சொன்னார். பாவம், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் என் வேலையில் கவனக்குறைவு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. கடைசியில் அந்தப் பேரை நானே வாங்கிக்கொள்ள மாட்டேன். பூசி மெழுகாமல் சொல்கிறேன், தெரிந்துதான் செய்தேன். அவளுக்குக் கணுக்கால் பிசகும், வேலையில் சேருவது தள்ளிப்போகும், தள்ளிப்போன காரியம் பாதி நின்ற காரியம். அதற்கு மேல் நான் எதுவும் நினைக்கவில்லை.

பிறகு காலை நனைத்துக்கொண்டு நடந்தேன். ஜன்னல் ஓரத்துக்கு வந்ததும் ஓர் எட்டை அகலமாக வைத்துத் தாண்டினேன். நாற்காலி போடுகிற சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். இறங்கினேன், வணக்கம் வைத்தார்கள்.

அவர்கள் முறை வந்தபோது அவள் ஜன்னல் பக்கம்தான் போனாள். தம்பி அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "இன்னிக்கு நீ இந்தப் பக்கம் நில்லு. நான் அங்க நிக்கறேன்," என்றான். அவளுக்கு ஆச்சரியம், சிரித்துக்கொண்டே மாறி நின்றாள். அதற்குள் நடு மேட்டில் எத்தனையோ பேரைத் தூக்கிப்போட்டு அவனுக்கு வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

நான் வாளியோடு வாசலில் நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். 'தம்பி, அங்கே சோப்பு' என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அத்தனை பெற்றோரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். இவள் துடைத்த லட்சணம் இதுதானா என்று நினைத்திருப்பார்கள். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

அவன் அவளை முதுகில் ஏற்றித் திரும்பும்போது கால் வழுக்கிவிட்டது. அவள் பாரமும் சேர்ந்து தலை முன்னால் மடங்கி அடியில் மாட்டிக்கொண்டது. அவளுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அவன் எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸில் அவளும் மூத்த மாணவனும் ஏறிக்கொண்டார்கள். நான் அந்த மேட்டை வெறுந் தண்ணீரில் இரண்டு தடவை துடைத்துவிட்டு, காலை நனைத்து நடந்து பார்த்துவிட்டு, பிறகு ஆட்டோ பிடித்தேன்.

மருத்துவமனையில் மாணவர்கள்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். "ஆனைக்கும் அடி சறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க. நீங்க மனசத் தேத்திக்குங்கக்கா," என்றார்கள். ஒரு பெண் எனக்குக் காபி ஆற்றிக் கொடுத்தாள்.

தம்பிக்குப் பேச்சு வந்ததும் என்னைத்தான் முதலில் கூப்பிட்டான்.

"அக்கா, ஜன்னலோர மேட்ல நீ கால் வெக்கல. நான் பாத்தேன்," என்றான்.

நான் அவன் போர்வையைச் சரிசெய்தேன்.

"முட்டி வலியில விட்டுட்டேன்னு நெனச்சேன். எல்லார் முன்னாடியும் கேட்டா உனக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னு கேக்கல. நடந்து பாக்காத எடத்துல அவ நிக்க வேணாம், நானே நின்னுக்கறேன்னு மாறிக்கிட்டேன். நல்லவேளைக்கா, அவ நிக்கல."

"தூங்குப்பா," என்றேன். வெளியே வந்து அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை. என் மானத்தைக் காப்பாற்றப் போய் என் பிள்ளை விழுந்துவிட்டான் என்று நெஞ்சு வெடித்தது.

கழுத்துக்குக் கீழே உணர்வு இல்லை. ஆனால் நரம்பு முழுவதும் அறுந்துவிடவில்லை என்றார் டாக்டர். முதல் சில மாதங்கள்தான் முக்கியம், தினமும் முறையாகப் பயிற்சி கொடுத்தால் கைகளாவது திரும்பலாம் என்றார். பிசியோ அந்த வெளியூர் வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். இனி தினமும் நானே வந்து செய்கிறேன் என்றாள். நான் நினைத்தது நடந்துவிட்டது பாருங்கள், அவள் போகவில்லை. ஆனால் இப்போது என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரப் பார்த்தாள்.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? தம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் அவளை வாசலிலேயே நிறுத்தினேன்.

"அவன் உன்னப் பாக்க வேணாங்கறான்மா. உன் மொகத்தப் பாத்தா அன்னிக்கு விழுந்ததுதான் ஞாபகம் வருதாம்," என்றேன்.

அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். நான் ஒவ்வொரு முறையும் தண்ணீர் கொடுத்து, அதையே சொல்லி அனுப்பினேன். ஒருநாளும் முகத்தில் அடித்தாற்போல் பேசியதில்லை.

அவன் கேட்பான். "அவ வந்தாளாக்கா?"

"புது வேலையில சேந்துட்டாளாம்பா. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும், விடு."

சில நாட்கள் கேட்டான். பிறகு, சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னான். அதோடு கேட்பதை நிறுத்திவிட்டான். வேறு பயிற்சிக்காரர் வேண்டுமா என்று டாக்டர் கேட்டபோது, ஏற்பாடு செய்துவிட்டேன் என்று சொன்னேன்.

நான் அவனை எப்படி வைத்திருந்தேன் என்று நீங்களே பார்த்தீர்கள். முதுகில் ஒரு புண் உண்டா? வெந்நீரில் துடைத்து, ஈரம் ஒற்றி, பவுடர் போட்டு, புரட்டிப் படுக்க வைத்து, ஒரு வேளை தவறியதில்லை. இத்தனை சுத்தமாக இப்படிப்பட்ட நோயாளியைப் பார்த்ததே இல்லை என்று நேற்று உங்களோடு வந்த நர்ஸே சொன்னார். தவழ்கிற வயதில் அவனைக் குளிப்பாட்டியதுபோலத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை, சில காலைகளில் நான் பாடிக்கொண்டே துடைத்தேன்.

நேற்று அவள் போலீஸில் புகார் கொடுத்து உங்களை அழைத்துக்கொண்டு வந்தபோது, வாசலில் அவள் குரல் அவனுக்குக் கேட்டுவிட்டது. நீங்கள் முன்னறையில் நின்றீர்கள். அவன் என்னைப் பார்த்து, "அக்கா, இவ முன்னாடியும் வந்தாளா?" என்றான்.

"வந்தா," என்றேன்.

"எப்பல்லாம்?"

"தெனமும்."

அவன் கத்தவில்லை. கண்ணீர் பக்கவாட்டில் ஓடிக் காதுக்குள் போயிற்று. அவனால் துடைத்துக்கொள்ள முடியாதே, நான் துணியை எடுத்தேன். "வேணாம். அவ தொடைக்கட்டும். நீ வெளிய இரு," என்றான். கோபத்தில் எல்லோரும் பேசுகிற பேச்சுதான். சின்ன வயதில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, பசித்ததும் என்னிடம்தான் வருவான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது அவள் கொடுத்த புகாரில் இல்லை, டாக்டருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, ஒரு காலை அவன் வலது கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுண்டுவிரல் அசைந்தது. தற்செயலோ என்று உள்ளங்கையை அழுத்தினேன். விரல் மடங்கி என் விரலைத் தொட்டது. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தக் கையில் உணர்வு இல்லை, தலையைத் தூக்கிப் பார்க்கவும் முடியாது. ஆகவே தெரியவில்லை. டாக்டரிடம் சொல்லியிருந்தால் கை வந்திருக்கும். கை வந்தால் போனைப் பிடிப்பான், போனைப் பிடித்தால் அவளைக் கூப்பிடுவான், பிறகு எழுந்து போய்விடுவான். நான் போர்வையை இழுத்து அந்தக் கையின்மேல் போட்டேன். அதற்குப் பிறகு பல காலைகளில் அசைந்தது. ஒவ்வொரு முறையும் போர்வையைப் போட்டேன். மாற்றம் ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டபோதெல்லாம் இல்லை என்றேன். கொஞ்சம் கொஞ்சமாக அசைவது குறைந்தது. ஒருநாள் நின்றுவிட்டது.

வழுக்கி விழுந்ததையும் அவளைத் திருப்பி அனுப்பியதையும் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் அவனிடம் சொல்லிக்கொள்ளுங்கள். இந்த விரல் விஷயத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள். தாங்கமாட்டான். அவன் மனம் நோகும்படி நான் இதுவரை எதுவும் செய்ததில்லை.