சனிக்கிழமை திரை உயரும்

மேடையில் வீற்றிருக்கும் மன்றத் தலைவர் அவர்களே! என் தங்கை பெற்ற செல்வமே, இன்று முதல் இந்த நாடகக் குழுவுக்கு உரிமையாளரே! உட்கார நாற்காலி கிடைத்த பெரியோர்களே, கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் விளக்குக்காரர்களே, ஒப்பனைக்காரரே, வாசலைத் தாண்டி வழிந்து நிற்கும் ரசிகப் பெருமக்களே! திரைக் கயிறு இழுத்தே உள்ளங்கை காய்த்துப்போன இந்தக் கிழவனின் கைகள் உங்களை நோக்கிக் குவிகின்றன.

"இரங்கல் உரைக்கு ஐந்து நிமிடம்" என்று தலைவர் என் காதில் சொல்லியிருக்கிறார். ஐயா, என் தங்கை மேடையில் ஒரு பெருமூச்சு விடுவதற்கே ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வாள்! அந்த ஐந்து நிமிடமும் அரங்கத்தில் மின்விசிறிகூடச் சத்தம் போடாமல் சுற்றும்! அவளுடைய அண்ணனுக்கு ஐந்து நிமிடம் எந்த மூலைக்கு?

உங்களுக்கெல்லாம் அவர் மேடையரசி. பட்டங்கள் வாங்கியவர், பரிசுகள் குவித்தவர், வெள்ளித்திரையில் ஆளுயரத்துக்குப் பத்து மடங்காக நின்றவர். எனக்கு அவள் சிட்டு. சிட்டு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க இனி ஆளில்லை. அந்தப் பெயரை நான் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்?

சற்று முன் என் மாப்பிள்ளை, சிட்டுவின் மகன், கண்ணீரோடு ஓர் அறிவிப்புச் செய்தார். "அம்மா போட்ட தாய் வேடத்தை இனி யாரும் போடக்கூடாது. வருகிற சனிக்கிழமை நாடகம் கிடையாது. இனி எந்தச் சனிக்கிழமையும் கிடையாது. அதுதான் அம்மாவுக்கு மரியாதை" என்றார். நீங்களும் உருகிப்போய்க் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று சொல்லத்தான் ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் பாதிநாள் வகுப்புக்கு வெளியே நின்றவன். அதனால் எதையும் ஓரத்தில் நின்று பார்த்தே பழக்கம். சிட்டுவை மேடை ஏற்றியது யார்? விமர்சகர்கள் யார் யார் பெயரையோ எழுதுகிறார்கள். ஏற்றியது இந்தக் கை! ஒரு ராஜா நாடகத்தன்று எனக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள், அலங்காரத்தை வேடிக்கை பார்த்தபடி மேடை நடுவில் நின்றுவிட்டாள். நான் சட்டென்று திரையைத் தூக்கினேன். சிம்மாசனத்தில் ராஜா, எதிரே கையில் தூக்கோடு என் தங்கை! வேறொருத்தியாக இருந்தால் அலறிக்கொண்டு ஓடியிருப்பாள். இவள் ராஜாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன மகாராஜா, இன்னும் சாப்பிடலையா? எல்லாம் ஆறிப்போச்சு" என்றாள்.

ராஜா தன் வசனத்தை மறந்து, கையை நீட்டி, "கொண்டா" என்றார்! கைதட்டலில் கூரை பிய்ந்தது. நான் சொல்வது வெறும் பேச்சுக்கல்ல, மறுநாள் நானே ஏறி ஓடு மாற்றினேன். நாடக ஆசிரியர் ஓடி வந்து, "யாருய்யா அந்தப் பொண்ணு?" என்றார். "என் தங்கச்சிதான். யோசிச்சுத்தான் தூக்கினேன்" என்றேன். ஒப்பனைக்காரரே, தலையை ஆட்டாதீர்கள். "யோசிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. தூங்கி விழுந்தான், கயிறு இழுபட்டுது" என்று இவர் இத்தனை வருடமாகச் சொல்லித் திரிகிறார். சரி, தூக்கத்திலும் சரியான நேரத்தில் இழுத்த கை எந்தக் கை?

அப்புறம் சினிமா அழைத்தது. முதல் நாள் படப்பிடிப்பில் காமெராவை விட்டுவிட்டு எங்கேயோ தூரத்தில் பார்த்துப் பேசினாளாம். இயக்குநர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "யாரம்மா அங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"கடைசி வரிசை சார்."

"அங்க சுவர்தானேம்மா இருக்கு?"

"சுவருக்கும் கேக்கணும்ல சார்."

அந்தக் காட்சி முடிந்தபோது அந்தச் சுவரில் ஈரம் கசிந்தது என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அவள் இருந்திருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

படத்துக்குப் படம் பேர் வளர்ந்தது. ஆனால் சனிக்கிழமையை மட்டும் எந்தத் தயாரிப்பாளருக்கும் அவள் கொடுக்கவில்லை. "சனிக்கிழமை வீட்டுல வேலை இருக்கு" என்பாள். வீடு என்றால் எது? இதோ, இந்த மேடை. இதோ, மழை பெய்தால் நனையும் இந்த ஒப்பனை அறை. எங்கள் சனிக்கிழமை நாடகத்தில், பல வருடங்களுக்குப் பிறகு வீடு திரும்பும் தாயாக அவள் வாசலில் வந்து நிற்பாள். மருமகள் கதவைத் திறப்பாள். இவள் யாரென்று மருமகளுக்குத் தெரியாது. அந்தக் காட்சிக்கு அழாதவர் இந்த ஊரில் யார்?

அந்த மருமகளைப் பற்றி யாரும் இன்று பேசவில்லை. நான் பேசப்போகிறேன். மருமகளாக நடிக்கும் அம்மாள், அதோ, கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். மேடைக்கு அழைக்கவில்லை. ஏன்? அவருக்கும் சிட்டுவுக்கும் பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது ஊரறிந்த கதை.

நடந்தது இதுதான். சினிமாப் புகழ் உச்சத்தில் இருந்த நேரம். சிட்டு வாசலில் வந்து நின்றதும் கைதட்டல் நிற்கவே இல்லை. அவள் தாய் வேடத்தை மறந்து, ரசிகர்கள் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். இடப்பக்கம் கும்பிட்டாள், வலப்பக்கம் கும்பிட்டாள். கதவைத் திறந்தபடி மருமகள் நிற்கிறார், நிற்கிறார், நின்றுகொண்டே இருக்கிறார். கடைசியில் மருமகளாகவே சொன்னார்:

"கும்பிட்டு முடிச்சாச்சுன்னா என்ன வேணும்னு சொல்லுங்கம்மா. கதவைச் சாத்தணும்."

ஐயோ! அரங்கம் சிரித்த சிரிப்பில் என் கையிலிருந்த கயிறு ஆடியது!

அன்றோடு பேச்சு நின்றது. ஒரே அறை, ஒரே கண்ணாடி. நடுவில் ஒப்பனைக்காரர் தபால்காரரானார். "பவுடர் டப்பாவை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க." "கை இருக்குல்ல, எடுத்துக்கச் சொல்லுங்க." இப்படியே ஓடின வருடங்கள். மருமகளுக்கும் தலை நரைத்துவிட்டது. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? அந்த நாளுக்குப் பிறகு என் தங்கை மேடையில் நின்று கும்பிட்டதே இல்லை. நீங்கள் எவ்வளவு தட்டினாலும் அவள் கண் அந்தக் கதவை விட்டு நகராது. அந்தப் பார்வைக்குத்தான் நீங்கள் பட்டம் கொடுத்தீர்கள். அதைக் கற்றுக்கொடுத்தது யார்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஒரு மத்தியானம், மருத்துவமனையில் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். மாப்பிள்ளை மருந்து வாங்கப் போயிருந்தார். சிட்டு கண்ணைத் திறந்தாள்.

"அண்ணே, சனிக்கிழமை யார் வாசல்ல நிக்கிறது?"

"நீதான்டி நிப்ப. எழுந்து வா" என்றேன்.

"சும்மா இரு. அவளை நிக்கச் சொல்லு. என்னைப் பாத்து பயப்படாதவ அவ ஒருத்திதான். மத்தவங்க என்னை மாதிரியே செஞ்சு காட்டுவாங்க. அவ செய்ய மாட்டா."

"நீயே கூப்பிட்டுச் சொல்லேன். வரச் சொல்றேன்."

"வேண்டாம். ரெண்டு பேரும் அழுது அசிங்கமாயிடும்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு, "நீ சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க அண்ணே" என்றாள்.

"அப்புறம் எதுக்குடி என்கிட்ட சொல்ற?"

"வேற யாரு சபையில எழுந்து சொல்லுவா? எல்லாருக்கும் என் மகன்கிட்ட பயம்."

இவ்வளவுதான். அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டாள், குடித்தாள், தூங்கினாள்.

சபையோரே! நான் சொன்ன கதைகளில் கூரை பிய்ந்திருக்கிறது, சுவர் அழுதிருக்கிறது. ஒரு திரைக்கு ஜரிகை வைப்பதில் என்ன தப்பு? ஆனால் இதற்கு நான் ஜரிகை வைக்கவில்லை. வைக்க நினைத்திருந்தால், "என் அண்ணன்தான் என் ஆசான்" என்று அவள் சொன்னதாக முதலில் சொல்லியிருக்க மாட்டேனா? என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூட இல்லாத ஒரு கதையை நான் என்றைக்காவது சொல்லியிருக்கிறேனா?

மாப்பிள்ளை, நிமிர்ந்து பாருங்கள். உங்கள் துக்கம் எனக்குத் தெரியாதா? அந்த இடத்தில் இன்னொருத்தி நிற்பதைப் பார்க்க உங்களுக்கு நெஞ்சு பொறுக்காது. எனக்கு மட்டும் பொறுக்குமா? ஆனால் உங்கள் அம்மா கேட்டது, அந்த வாசலில் ஒரு தாய் வந்து நிற்க வேண்டும் என்பது. அந்த வாசலை மூடிவிட்டு எந்த மரியாதையைச் செய்யப்போகிறோம்?

என்ன மாப்பிள்ளை? சத்தமாகக் கேளுங்கள். "நிஜமாவே அம்மா சொன்னாங்களா மாமா?" என்கிறார். சொன்னாள்டா. என் சிட்டு மேல் ஆணை, சொன்னாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைக்கிறார். பார்த்தீர்களா? தலையசைத்துவிட்டார்!

கொஞ்சம் அமைதி, கடைசி வரிசையில் அந்த அம்மாள் எழுந்து ஏதோ சொல்கிறார். மேடையில் இருக்கும் மற்றவர்களுக்குக் கேட்காது, ஓரத்தில் நின்றே பழகிய என் காதுக்குக் கேட்கிறது, நான் ஒரு சொல்லும் கூட்டாமல் திருப்பிச் சொல்கிறேன். "அப்போ மருமக வேஷத்தை யாரு போடுறது? கதவைத் திறக்க ஆள் வேணாமா? சனிக்கிழமைக்கு நாள் எங்க இருக்கு?" என்று அதட்டுகிறார்!

தாயே, இதைவிட நல்ல இரங்கல் உரை இன்று இந்த மேடையில் யாரும் பேசவில்லை!

ஆகவே, மேடையரசியின் படத்துக்கு முன்னால் நின்று நான் உறுதி சொல்கிறேன்: என் தோளில் கயிறு இழுக்கத் தெம்பு இருக்கும்வரை எந்தச் சனிக்கிழமையும் இந்தத் திரை கீழே கிடக்காது. நாளைக் காலை ஒத்திகை. எல்லோரும் வந்துவிட வேண்டும். அழ வேண்டியவர்கள் இன்றே அழுது முடித்துவிடுங்கள், நடிக்கிறவர்களுக்குக் குரல் வேண்டும். எனக்கு அந்தக் கவலை இல்லை. திரையைத் தூக்குகிறவன் ஓரத்து இருட்டில் நிற்பவன். அவன் சனிக்கிழமையும் அழலாம்.