நாயனக்காரர் ஊத மறுத்த ரயில்

ஜப்பான்காரன் காலத்தில், பிரிக்பீல்ட்ஸில் அரிசி வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். கைக்குழந்தையோடு இருந்தவள் மற்றவளிடம் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு நாயனக்காரர அடிக்கப் போனதாலதான்க்கா இன்னிக்கு உயிரோட இருக்காரு."

"என்னடி சொல்ற?"

"சயாமுக்கு ரயில் பாதை போட ஆளுங்கள ஏத்துனாங்கல்ல? அன்னிக்கு மங்களமா ஊதச் சொல்லி அவர ஸ்டேஷனுக்குக் கூட்டியாந்தாங்க. அவரு நாயனத்த உறையில போட்டுட்டு, 'சாவுக்கு நான் ஊதறதில்ல'ன்னுட்டாரு."

"ஜப்பான்காரன் முன்னாலயா!"

"அவனுக்கு முந்தி நம்ம சனமே பாஞ்சிருச்சு. நான்தான் மொதல்ல மண்ண வாரி எறிஞ்சேன். எங்க வீட்டுக்காரரு ரயில விட்டு எறங்கி ஓடியாந்து, அவரு வாயிலயே குத்துனாரு. திரும்பிப் பார்த்தா ரயில் போயிருச்சு."

"போனவங்க?"

"ஒருத்தரும் திரும்பல. அவரு கருநாக்குதான் காரணம்னு சனங்க இன்னும் திட்டுது. ஒரு விசேஷத்துக்கும் கூப்பிடறதில்ல."

மற்றவள் குழந்தையின் காலைத் தொட்டாள். வரிசை நகர்ந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

"முந்தாநாள் இவனுக்குப் பேரு வச்சோம். அவரத்தான் ஊதக் கூப்பிட்டோம்."

"வந்தாரா?"

"வந்தாருக்கா. எங்க வீட்டுக்காரரு ஒடச்ச பல்லு வழியா காத்து போயிட்டே இருந்துச்சு. அப்படியும் நிறுத்தாம ஊதுனாரு."