சந்து முழுக்க வெள்ளைக் கொடி

கொட்டாஞ்சேனையிலிருந்து புறப்பட்ட பஸ் பொரளை நெரிசலில் மூச்சு வாங்கி நின்றபோது, முன் இருக்கையில் ட்ரம்பெட் பெட்டியை மடியில் வைத்திருந்த வழுக்கைத் தலையர் பக்கத்து நண்பரிடம் சொன்னார்:

"நான் செத்துட்டேன்னு சந்து முழுக்க வெள்ளைக் கொடி கட்டிட்டாங்க, மச்சான்."

"ஏன்டா?"

"ஊதப் பழகி ரெண்டு மாசம்தானே. வேகமா ஊத மூச்சு இல்ல. மெதுவா ஊதினா எந்தப் பாட்டும் செத்த வீட்டு பேண்ட் மாதிரியே கேக்குது."

"அப்ப இத விட்டுட்டு கிட்டார் பழகு. நம்ம வயசுக்கு அதுதான் சரி."

"எட்டு வருஷமா பேசாத என் தம்பி அழுதுகிட்டு ஓடி வந்தான். கதவத் திறந்தது நான், கையில ட்ரம்பெட்டோட. கட்டிப்பிடிச்சான். பிறகு, 'உயிரோட இருந்துகிட்டு இப்படியா ஊதுவ?'ன்னு ஏசினான். சோறு சாப்பிட்டுத்தான் போனான்."

பஸ் நகர்ந்தது. அவர் பெட்டியைத் தடவிக்கொண்டார்.

"கிட்டார் வாசிச்சிருந்தா வந்திருப்பானாடா?"