நம்ம ஊரு ‘வேண்டாம்’

— அப்ப அந்த வீட்டுக்காரி செலா போன் பண்ணினப்ப நீ என்னதான் சொன்ன, லோரன்?

— எல்லாரும் சொல்றதத்தான். வேண்டாம்னு சொன்னேன்.

— அட ஆண்டவரே! அந்த மாடி வீட்டையா? மெக்சிகோ போனப்ப பாத்தோமே, கடலைப் பாத்த பால்கனி வெச்ச வீட்டையா?

— எடுத்த எடுப்புலயே, “டான் லோரன்”னு ஊர்ப் பெரியவனக் கூப்பிடுற மாதிரி கூப்பிட்டு, “மேல்வீடு காலியாகுது, நீயும் மார்லிஸும் வந்து இங்கயே இருந்துடுங்க”ங்கிறா. உடனே சரின்னு சொல்லணுமா? காணாததக் கண்டவன் மாதிரி? “எதுக்கும்மா, உங்களுக்கு வீண் சிரமம், வேண்டாம்”னேன்.

— அவ என்ன சொன்னா?

— “ஓ, அப்படியா, சரி”ன்னா. போன வெச்சுட்டா.

— ரெண்டாந்தடவ கேக்கவே இல்லையா?

— கேக்கல.

— எப்படிக் கேப்பா? அவங்க மசாத்லான் ஊருல வேண்டாம்னா வேண்டாம்தான். மினசோட்டாக்காரங்க நாமதான் மூணு தடவ கேட்டாத்தான் வாயத் தொறப்போம். உங்க அத்தை சாவுக்குச் சர்ச்சுல என்ன நடந்துச்சு, ஞாபகம் இருக்கா?

— என்ன நடந்துச்சு?

— தட்டுல ஒரே ஒரு கேக் துண்டு மிச்சம். அத்தனை பேரும் சுத்தி நின்னுக்கிட்டு “நீங்க எடுங்க, நீங்க எடுங்க”ன்னு. பாஸ்டர் அதுல பாதிய வெட்டி எடுத்துக்கிட்டாரு. அவரு சம்சாரம் மிச்சத்துல பாதி. கடைசில எறும்பு கூட வெக்கப்படுற மாதிரி ஒரு துணுக்கு கெடந்துச்சு. அதையும் ஒருத்தரும் தொடல. நான்தான் தட்டோட கழுவி ஊத்தினேன்.

— அது மரியாதை, மார்லிஸ்.

— மரியாதைதான், யாரு இல்லைன்னா? நீ என்னக் கட்டிக்கிறியான்னு வந்து கேட்டப்ப நான் என்ன சொன்னேன்?

— “உனக்கு எதுக்கு வீண் சிரமம்”ன்ன.

— நல்லவேளை, நீ இந்த ஊர்க்காரன். மூணு தடவ கேட்ட. மசாத்லான்காரனா இருந்தா அன்னிக்கே தொப்பியை எடுத்து மாட்டிக்கிட்டுப் போயிருப்பான்.

— அவனுக்குக் குடுத்து வெச்சது அவ்வளவுதான்.

— நக்கலு! சரி, ஒண்ணும் குடி முழுகிப் போயிடல. நானே செலாவக் கூப்பிட்டுச் சொல்றேன். “எங்க ஊருல மொத வேண்டாமுக்குக் கணக்கே கெடையாது”ன்னு. விழுந்து விழுந்து சிரிக்கப் போறா. என் போன் எங்க?

— இப்ப எதுக்கு? சந்தைக்குப் போயிருப்பா.

— இருக்கட்டுமே. எறாலு விக்கிறவங்க எல்லாரும் சேந்து சிரிக்கட்டும்.

— உனக்கு அந்த ஊரு அவ்வளவு புடிச்சிருச்சா?

— இங்க நான் நல்லா சமைச்சா “மோசமில்ல”ம்பாங்க. அதுதான் இங்க பெரிய பாராட்டு. அங்க மீன்காரி ஒருத்தி என் கன்னத்தப் புடிச்சுக் கிள்ளி என்னமோ சொன்னா. ஒரு வார்த்த புரியல. ஆனா அன்னிக்குப் பூரா எனக்கு நடையே மாறிப்போச்சு. ராத்திரி கடற்கரைச் சாலையில அந்த பேண்டு வாத்தியக்காரனுங்க காது கிழிய ஊதுனப்ப நான் சத்தமா சிரிச்சேன் பாரு, அது யாரு சிரிப்புன்னு நானே திரும்பிப் பாத்தேன், லோரன்.

— பாத்தேன். நானும் பாத்தேன்.

— நீயும்தான் அங்க சிரிச்சுக்கிட்டே இருந்த.

— ரெண்டு வாரம் சிரிச்சுச் சிரிச்சுத் தாடை வலிச்சுது. போற வர்றவனெல்லாம் கட்டிப் புடிக்கிறான். புரிஞ்சாலும் சிரிக்கிறேன், புரியாட்டியும் சிரிக்கிறேன்.

— அதெல்லாம் பழகிடும். பாஷை வந்துட்டா பேசுவ.

— பாஷை வந்துட்டா மட்டும்? இங்க பெட்ரோல் பங்குல காலையில காபிக்கு உக்காருறோமே, என்ன பேசுறோம்? ஹார்லன் “குளிருது”ம்பான். நான் “இதவிட மோசமா இருந்திருக்கு”ம்பேன். அவன் பொண்டாட்டிய அடக்கம் பண்ணிட்டு வந்த மறுநாளும் அதத்தான் பேசினோம். அதுக்குள்ளேயே எல்லாம் இருந்துச்சு.

— அந்த நாலு கிழங்களும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்குறதுக்குப் பேரு பேச்சா?

— எங்களுக்கு அதுதான் பேச்சு. அப்புறம், குளிருல பேட்டரி செத்து வண்டி கெளம்பலன்னா மொத்த ஊரும் என்னக் கூப்பிடுது. அங்க யாரு கூப்பிடுவா? குளிரே இல்லாத ஊருல எவன் பேட்டரி சாகப்போவுது?

— அங்கயும் வண்டி மக்கர் பண்ணும், கவலப்படாத. இதோ, மேசை மேலதான் கெடக்கு போன். செலாவக் கூப்பிட்டுட்டேன், அடிக்குது பாரு, ஸ்பீக்கர்ல போடுறேன்.

— கட் பண்ணு, மார்லிஸ்.

— ஏன், நீ பேசுறியா?

— கட் பண்ணும்மா. அவ எடுக்குறதுக்குள்ள.

— பண்ணிட்டேன். என்ன ஆச்சு உனக்கு?

— அன்னிக்குச் செலாகிட்ட நான் சொன்னது நம்ம ஊரு ‘வேண்டாம்’ இல்ல. அவங்க ஊரு ‘வேண்டாம்’.

— நெசமாவா?

— நெசமாத்தான்.

— நான் மூணு தடவ கேட்டாலும்?

— முப்பது தடவ கேட்டாலும். அங்க எல்லாரும் என்கிட்ட அன்பாத்தான் இருந்தாங்க. ஆனா அங்க இருந்தது நான் இல்ல.

— இத அங்கயே சொல்லியிருக்கலாமே! விமானத்துல வர்ற வழியெல்லாம் “நல்ல ஊரு, நல்ல ஊரு”ன்னு தலைய ஆட்டினியே!

— உன் சிரிப்பப் பாத்ததுக்கப்புறம் எப்படிச் சொல்றது? செலாகிட்ட வேண்டாம்னுட்டா, மரியாதைக்குச் சொன்னது, அவளுக்குத்தான் புரியலன்னு நீ நெனச்சுக்குவ. பழி என் மேல வராது. காரியம் தானா ஆறிப்போயிடும்னு பாத்தேன்.

— கோழை.

— ஆமா.

— கோழையேதான், லோரன். எனக்கு அழுகையா வருது. உன்ன அடிக்கணும் போலவும் இருக்கு.

— அடி.

— அடிச்சு என்ன ஆகப்போவுது? விடு. போக வேண்டாம். பொறந்ததுலேருந்து பாத்த குளிருதான, இருந்துட்டுப் போறேன்.

— நீ போ, மார்லிஸ்.

— நானா? தனியாவா? நல்லாருக்கே கதை! நான் போயிட்டா நீ என்னத்தத் திம்ப? உனக்கு முட்டை கூட அவிக்கத் தெரியாது.

— முட்டை அவிக்கிறது என்ன பெரிய வித்தையா, கத்துக்குறேன். நீ அந்த மேல்வீட்டுல போயி இரு.

— ஐயோ, வேண்டாம்ப்பா. புருஷன இங்க பனியில விட்டுட்டு அவ மட்டும் கடலப் பாத்து உக்காந்திருக்கான்னு சர்ச்சு முழுக்கப் பேசுவாங்க. எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல. நெசமாவே இல்ல.

— பேசுறவன் பேசட்டும். நீ இல்லாம வீடு எனக்கு வெறிச்சுன்னுதான் இருக்கும். அதையும் இப்பவே சொல்லிடுறேன், இன்னொரு தடவ கோழையாக மாட்டேன். ஆனா அந்தச் சிரிப்ப நான் காதால கேட்டுட்டேன். போறியா?

— இதோட மூணு தடவ கேட்டுட்ட, லோரன்.

— தெரிஞ்சுதான் கேக்குறேன்.

— போறேன்.