இறுகிய பிடி

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்கா நாளுக்குக் கட்டிய கொடிகளை இன்னும் அவிழ்க்காத பஸ் அது. காஜா பெராங் நிறுத்தத்தில் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு பெண்ணும் அவள் தம்பியும். தம்பி சிங்கப்பூரில் டாக்டருக்குப் படிக்கிறவன், அக்காள் புருஷன் சாவுக்கு வந்திருக்கிறான் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"விடுறதுக்குத்தான்க்கா சத்து வேணும். பிடிச்சிருக்கிறதுக்கு வேணாம்" என்றான் தம்பி.

அதற்குமேல் எனக்குப் பேப்பர் ஓடவில்லை.

"செத்தவரு கையில என்னடா சத்து?"

"அதான் சொல்றேன். சதைக்குள்ள ரெண்டு வகை இழை இருக்கு. ஒண்ணு இன்னொண்ணைப் பிடிச்சிக்கும். பிடிக்கிற இழையில ஒரு எடம் இருக்கு. ஏ.டி.பி.ன்னு ஒரு பொருள் அங்க வந்து ஒட்டினாத்தான் பிடி விடும். அந்த எடம் எப்படி இருக்கும்னு இன்னும் யாரும் பார்த்ததில்ல. உயிர் போனா அந்தப் பொருள் தீர்ந்துடும். பிடி அப்படியே இறுகிடும். நீ விடியிற வரைக்கும் மச்சான் கையைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்த, அதான் அவரு விரல் ஒன் மணிக்கட்டுல இறுகிடுச்சு."

"ரெண்டு பேரு சேர்ந்து அவரு விரலை நெம்புனாங்க. வேணாம், வேணாம்னு நான்தான் கத்துனேன்."

"மச்சான் ஒண்ணும் செய்யலக்கா. ஒன்னையும் கூட்டிட்டுப் போகப் பார்த்தாருன்னு ஒன் மாமியா சொல்றாங்களே, அது பொய்."

அவள் கன்றிப்போன மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

"இதை அவங்ககிட்ட போய்ச் சொல்லு. எனக்குச் சொல்லாத."