நாற்காலி மாறி உட்கார்ந்த நாள்

அவைக்கு அணியாக வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! இந்த மருத்துவக் கல்லூரியின் முதல்வர் அவர்களே! பாடம் சொல்லிப் பாடம் சொல்லியே குரல் தேய்ந்த பேராசிரியப் பெருமக்களே! பெற்ற பிள்ளை டாக்டராகி வெளியே வருகிற நாளைக் காண முதல் வரிசையை முந்திப் பிடித்திருக்கும் தாய்மார்களே! அவர்களுக்குப் பின்னால், கைக்குட்டையை எடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருக்கும் தந்தைமார்களே! நாளை முதல் நாடி பிடிக்கப்போகும் நல்ல கரங்களே!

எனக்கு முன்னால் பேசியவர்கள் அத்தனை பேரும் டாக்டர்கள். நான் நோயாளி. அதுவும் அசல் நோயாளி இல்லை. மாணவர்கள் பழகுவதற்காக நோயாளியாக நடிப்பவன். இந்தப் பொய் நோயாளியின் மெய் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லது. போகப் போக என்னாலேயே சிரிக்க முடியுமா என்று தெரியவில்லை.

'நாடகமும் கல்வியும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஆராய்ந்து பேச நான் அறிஞன் இல்லை. இந்தக் கல்லூரியின் இரண்டாம் மாடியில், ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்ட ஓர் அறைக்குள் எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் தொழில் அச்சகத்தில் பிழை திருத்துவது. முப்பத்தொரு வருடம். ஒற்று மிகுமா மிகாதா, ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா, இதுவே என் உலகம். என் மனைவி தையல் ஆசிரியை. "நீங்க எழுத்துல பிழை பாக்குறீங்க, நான் துணியில பாக்குறேன். நம்ம வீட்டுல பிழைக்குப் பிழைப்பே இல்லை" என்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் பேச்சுத்தான் அந்த வீட்டின் நடமாட்டம்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, தையல் வகுப்பில் மயங்கி விழுந்தாள். ஓடினேன். ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு ஓர் இளம் டாக்டர் கதவைத் திறந்தார். கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. மறுகையில் இருந்த தாளைப் பார்த்தபடியே, "பதினாலாம் நம்பர் பெட்... நீங்கதானா? அவங்க எக்ஸ்பயர் ஆயிட்டாங்க. உள்ள வந்து கையெழுத்துப் போடுங்க" என்றார். கதவு மூடிக்கொண்டது.

சொல்லைச் சல்லடை போட்டுச் சலித்தே வாழ்ந்தவன் நான். அந்தச் சொல்லை எங்கே பார்த்திருக்கிறேன்? மருந்து அட்டையில் பார்த்திருக்கிறேன். மாவுப் பொட்டலத்தில் பார்த்திருக்கிறேன். இருபத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்தவளுக்கு அந்தச் சொல்லா? அவளுக்குமா ஒரு காலாவதித் தேதி?

அதற்குப் பிறகு வீடு. என்ன வீடு? சுவர் நான்கு, நான் ஒருவன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அச்சகத்தை விட்டுக் கிளம்பும்போது "வரேன்" என்று சொன்னேன். திங்கட்கிழமை காலை முதலாளி "வாங்க" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. தொண்டைக்கு நோய் ஒன்றும் இல்லை, டாக்டர்களே. இரண்டு நாளாக அதற்கு வேலையே இல்லை, அவ்வளவுதான்.

பயந்துபோய், திருத்த வேண்டிய தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து உரக்கப் படிக்கத் தொடங்கினேன். கல்யாணப் பத்திரிகை, கடை விளம்பரம், கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மேல் வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "சார், விருந்தாளி யாராவது வந்திருக்காங்களா? பேச்சுச் சத்தம் கேட்டுச்சு" என்றார். நான் "ஆமா" என்று சொல்லிவிட்டேன்.

அப்படிப் படித்த தாள்களில் ஒன்று இந்தக் கல்லூரியின் அறிவிப்பு. 'நோயாளிகளாக நடக்க ஆட்கள் தேவை' என்று அச்சுக் கோத்திருந்தார்கள். 'நடிக்க' என்று திருத்தினேன். திருத்திவிட்டு, அந்த ஒரு வரியையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் இங்கே வந்து நின்றேன்.

பயிற்சியை நடத்துகிற மேடம், அதோ ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்காதது மாதிரி பார்க்கிறாரே, அவர்தான், "முன்னால நடிச்ச அனுபவம் உண்டா?" என்று கேட்டார்.

"மேடையில இல்லீங்க. 'நல்லா இருக்கேன்'னு தினமும் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றேன்.

என்னைச் சேர்த்துக்கொண்டார்.

முதல் வேஷம் வயிற்று வலி. நான் போட்ட கூச்சலில், அடுத்த அறையில் நெஞ்சு வலியாக நடித்துக்கொண்டிருந்தவர் தன் வலியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்! போகப் போகப் பழகிக்கொண்டேன். வியாழக்கிழமைதோறும் ஒரு பிள்ளை என் எதிரே உட்கார்ந்து, "சாப்பிடுறீங்களா ஐயா? தூக்கம் வருதா? வீட்டுல யார் இருக்காங்க?" என்று கேட்கும். பாடத்தில் எழுதியிருக்கிற கேள்விதான், எனக்குத் தெரியும். ஆனால் வாரம் முழுக்க என்னை அதைக் கேட்க வேறு யாரும் இல்லை. எழுதிக் கொடுத்த பதிலைச் சொல்வேன்: "வீட்டுல சம்சாரம் இருக்காங்க." சபையோரே, அந்தப் பொய்யைச் சொல்வதற்காகவே நான் வியாழக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு புதிய நாடகம். மனைவி இறந்த செய்தியை மாணவர் வந்து சொல்ல வேண்டும், நான் கணவன். என் கதை மேடத்துக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் அந்த அறை எனக்கு இல்லாமல் போய்விடுமே!

அன்றைக்கு உள்ளே வந்தவள் ஒரு மாணவி. எதையும் வரி பிசகாமல் ஒப்பிப்பாள் என்பதால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'டேப்'. அவள் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். ஃபைலைக் கையில் பிடித்தபடி, நின்றுகொண்டே சொன்னாள்:

"சார், உங்க வைஃப் எக்ஸ்பயர் ஆயிட்டாங்க."

'என்ன சொல்றீங்க டாக்டர்?' என்பதுதான் என் வசனம். அது வரவில்லை.

"அது மருந்து அட்டையில போடுற வார்த்தைம்மா. அவ மனுஷி. தையல் டீச்சர்."

அவள் பதறிப்போய்த் தாளைப் புரட்டினாள். "தையல் டீச்சர்னு இதுல இல்லையே சார்..."

அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த மாணவர்கள் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் உள்ளே வந்தார்.

"ஐயா, இது உங்க கதையா?"

"ஆமாம்மா."

"என்கிட்ட சொல்லியிருக்கணும் இல்லையா? இனிமே இந்த வேஷம் உங்களுக்கு வேண்டாம்."

'டேப்' அழ ஆரம்பித்தாள். "உட்கார்ந்து பேசணும்னு தெரியும் மேடம். நேரா சொல்லணும்னு தெரியும். எல்லாப் பாயிண்டும் மனப்பாடம். உள்ள வந்ததும் ஒண்ணுமே வரல."

எனக்குள் ஒரு வீம்பு எழுந்தது. "மேடம், நான் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை நாற்காலியை மாத்திப் பாக்கலாம். நான் டாக்டர். இந்தப் பொண்ணு புருஷன்" என்றேன். ஏன் சொன்னேன் தெரியுமா? எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்ற வாக்கியத்தை மூன்று வருடமாக மனசுக்குள் எழுதி, அடித்து, திருத்தி வைத்திருந்தேன். அதை உலகத்துக்குக் காட்டிவிட வேண்டும் என்று வெறி.

ஃபைலை வாங்கிக்கொண்டு வெளியே போனேன். கதவைத் திறந்தேன். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் என்ன செய்தேன்? தாளைப் பார்த்தேன்! என் கை எங்கே இருந்தது? கதவுப் பிடியில்! எடுக்க முயல்கிறேன், வரவில்லை. என் திருத்திய வாக்கியம் எங்கே போயிற்று? ஓர் எழுத்துக்கூட இல்லை. அந்த வாசலில்தான், அந்தக் கணத்தில்தான், அன்றைய டாக்டரை முதன்முதலாகப் பார்த்தேன். இருபத்தைந்து வயது இருக்குமா அவருக்கு? பயந்திருக்கிறார், ஐயா. தனியாக நின்று பயந்திருக்கிறார். மூன்று வருடமாக நான் திட்டித் தீர்த்தது ஒரு பயந்த பிள்ளையை.

எப்படியோ போய் உட்கார்ந்தேன். ஃபைலை மூடிவைத்தேன்.

"உங்க மனைவி இறந்துட்டாங்க" என்றேன்.

இறந்துட்டாங்க. அதுவரைக்கும் என் வாய் அதைச் சொன்னதே இல்லை. 'போயிட்டா' என்பேன், 'இப்ப இல்லை' என்பேன். சொல்லி முடித்ததும், எதிரே கணவனாக உட்கார்ந்திருந்த அந்தப் பெண், எந்தத் தாளிலும் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"கடைசி நேரத்துல... அவ பக்கத்துல யாராவது இருந்தாங்களா டாக்டர்?"

தாய்மார்களே, அதை நான் கேட்கவே இல்லை! ஒரு சொல்லுக்காக மூன்று வருடம் கோபப்பட்டேன். இதைக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

"தெரியலைம்மா" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பயிற்சி முடிந்தது என்று மணி அடிக்க வேண்டிய மேடம் அன்றைக்கு மணி அடிக்கவில்லை.

அடுத்த வாரம் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு சிஸ்டர் பொறுமையாகப் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தார். "நேரம் இருக்கு ஐயா. டூட்டி டாக்டர் கையெழுத்து இருக்கு. பக்கத்துல யார் இருந்தாங்கன்னு நாங்க எழுதறதில்லை" என்றார். திரும்பி நடந்து வந்தேன். என் கேள்விக்கு இனி விடை கிடையாது. அதைத் தெரிந்துகொண்டுதான் தினமும் என் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போகிறேன்.

ஆனால் அந்த அறையில் மேடம் முறையை மாற்றினார். செய்தி சொல்லப் பழகும் எந்த மாணவரும் முதலில் கேட்பவரின் நாற்காலியில் உட்கார வேண்டும். அவர்களுக்கு எதிரே டாக்டராக உட்காருவது என் வேலை.

போன மாதம் 'டேப்' அச்சகத்துக்கே வந்தாள். இப்போது வார்டில் பயிற்சி டாக்டர். உட்காராமலே சொன்னாள்:

"சார், நேத்து ஒரு அம்மாவுக்கு ரொம்ப முடியல. அவங்க மகன் வெளியூர்லேர்ந்து வந்துக்கிட்டிருந்தார். என் டூட்டி முடிஞ்சிருச்சு, பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டேன். லிஃப்ட் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்து, அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்துல போயிட்டாங்க. மகன் வந்ததும் உட்காரவெச்சு, 'அம்மா இறந்துட்டாங்க'ன்னு சொன்னேன். அவர் கேட்டார் சார், 'பக்கத்துல யாராவது இருந்தாங்களா'ன்னு. 'நான் இருந்தேன்'னு சொன்னேன்."

அன்பர்களே! லிஃப்ட் வரைக்கும் போன அந்தக் கால்களைத் திருப்பியது எது? புத்தகமா? அது அவளுக்கு மனப்பாடம். மதிப்பெண்ணா? அதை யாரும் போடவில்லை. ஒருநாள், சில நிமிடம், ஒரு பொய் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மனைவியை இழந்தாளே, அந்த இழப்பு! பிறர் வலியை நாம் படிக்கலாம், எழுதலாம், ஒப்பிக்கலாம். அந்த இடத்தில் போய் உட்கார்ந்து பார்க்க வழி செய்வது நாடகம்! நடிப்புத்தானே என்று நகைக்காதீர்கள். நடித்துப் பார்த்தவள் நழுவிப் போகவில்லை! நடித்துப் பார்த்தவள் திரும்பி வந்தாள்!

கை தட்டுகிறீர்கள், வேண்டாம், இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாடகம் என் தனிமையைத் தீர்த்துவிட்டது என்று சொன்னால் அது வெறும் மேடைப்பேச்சு. தீர்க்கவில்லை. இந்த விழா முடிந்தால் நான் அதே வீட்டுக்குத்தான் போவேன். மேல் வீட்டுக்காரர் கேட்டால், 'யாரும் வரலை, நான்தான் பேசிக்கிட்டிருந்தேன்' என்று சொல்லும் அளவுக்குத்தான் தேறியிருக்கிறேன்.

ஆகவே, முதல்வர் அவர்களே, அந்த அறையை எல்லா வகுப்புக்கும் திறந்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளே, நாளை ஏதோ ஒரு நடைபாதையில், ஏதோ ஒரு பெஞ்சில், என்னைப் போல் ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பார். கதவைத் திறந்து வெளியே வாருங்கள். பெஞ்சில் அவர் பக்கத்தில் இடம் இருக்கும். உட்காருங்கள்.

இவ்வளவு நேரம் என் குரலுக்கு வேலை கொடுத்த தலைவர் அவர்களுக்கும், காது கொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.