தினம் ஒரு குவளை

தேநீரில் சர்க்கரை போதாவிட்டால் சொல்லுங்கள் தம்பி, கூச்சப்பட வேண்டாம். எங்கள் வீட்டில் எல்லோருமே கொஞ்சம் குறைத்துத்தான் போட்டுக்கொள்வோம். நீங்கள் கேட்டீர்கள், நான் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. நிதானமாகவே பேசலாம்.

இந்தச் சமையலறையைப் பாருங்கள். குளிர்பெட்டியின் கதவைத் திறந்தால் பாத்திர அலமாரியைத் திறக்க முடியாது. அடுப்படியில் ஒருவர் நின்றால் இன்னொருவர் பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர வேண்டும். பத்தொன்பது வருடம் இப்படியே நகர்ந்திருக்கிறேன். நான் என்ன அரண்மனையா கேட்டேன்? அந்தச் சுவரை இடித்து, பின்னாலிருக்கும் சாமான் அறையைச் சேர்த்துக்கொண்டால் போதும். கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி, ஒரு கட்டத்துக்கு அரை அடி என்று கணக்கு வைத்து, நானே வரைந்தேன். கட்டிலுக்கு அடியில் பதினாறு விதமான தரை ஓடுகள் மாதிரிக்கு வாங்கி வைத்திருக்கிறேன். எல்லாம் தயார். சுவர் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது.

அவரிடம் நோட்டைக் காட்டும்போதெல்லாம் ஒரே பதில். "வீடு கல்லு மாதிரி இருக்கு. ரிப்பேருன்னா சொல்லு, நாளைக்கே ஆளைக் கூப்பிடறேன். உன் ஆசைக்கெல்லாம் சுவத்தை இடிக்க முடியாது."

நல்ல மனிதர், சொன்ன சொல் மாறமாட்டார். ரிப்பேர் என்றால் செய்வார். அப்படியானால் வீட்டுக்கு ஒரு ரிப்பேர் வேண்டியிருந்தது, அவ்வளவுதானே?

மாடிப்படித் திருப்பத்தில், இந்தச் சுவரை ஒட்டிக் குழாய்கள் இறங்கும் குழிக்கு ஒரு சின்ன மரக்கதவு இருக்கிறதல்லவா? தினமும் காலை பத்து மணிக்கு, அவர் வேலைக்குப் போனதும், அதைத் திறந்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றே ஒன்று. எனக்குப் பேராசை கிடையாது. குவளையின் விளிம்பு நசுங்கியிருந்ததால் படியில் கொஞ்சம் சிந்தும். அதை நான் கண்டுகொள்ளவில்லை.

இரண்டு வாரம் சுவர் அசைந்து கொடுக்கவில்லை. மூன்றாவது வாரம், அடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஈரம் தெரிந்தது. பெற்ற பிள்ளை முதல் அடி வைத்த மாதிரி எனக்குச் சந்தோஷம். பிறகு சுண்ணாம்பு உப்பியது. ஒருநாள் ஒரு பொருக்கு பெயர்ந்து, கொதிக்கிற பாலில் விழுந்தது. அவரே அண்ணாந்து பார்த்தார்.

"இது மேல அக்கா குளியலறையிலேருந்துதான் வருது," என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அது என் திட்டத்தில் இல்லை. பழைய குழாய் என்று நினைப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். ஆனால் கட்டிய கணவர் தானாக ஒரு முடிவுக்கு வரும்போது குறுக்கே பேசுவது மரியாதையாக இருக்காது.

அக்கா என்றால் அவருடைய கூடப்பிறந்த அக்கா, எனக்கு நாத்தனார். புருஷன் போனபிறகு பத்து வருடமாக மாடியில்தான் இருந்தார். தையல் மெஷின் ஒன்று வைத்துக்கொண்டு தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டார். துணி தைக்கக் கொடுப்பவர்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். எனக்கும் எத்தனையோ தைத்துக் கொடுத்திருக்கிறார், அளவு எடுக்காமலேயே. எனக்கும் அவருக்கும் ஒரு சண்டை வந்தது கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவருடைய குளியலறையைக் கொத்திப் போட்டார்கள். ஒரு மாத வேலை என்பதால் மகள் வீட்டுக்குப் போனார். அங்கே இருப்பதே ஒற்றை அறை. மெஷின் வைக்க இடமில்லை, அதனால் அதைப் போர்வை போட்டு மூடி இங்கேயே விட்டுவிட்டார். "அக்கா, ஒரே மாசம், கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள போயிடும்," என்றார் இவர். நானும் ஆமாம் என்றேன்.

அந்த ஒரு மாதத்தில் மாடிக்கு ஏறி ஒரு நாள் சும்மா அளந்து பார்த்தேன். கையில் நாடா இருந்தது, அளந்தேன், வேறொன்றுமில்லை. கிழக்கே எவ்வளவு பெரிய ஜன்னல் தெரியுமா? சாப்பாட்டு மேசையை அதன் கீழே போட்டால் காலை வெளிச்சம் அப்படியே தட்டில் விழும். நோட்டில் வரைந்து பார்த்தேன், அச்சாகப் பொருந்தியது. மெஷின் இருந்த மூலையில் ஊறுகாய் ஜாடிகளுக்கு அலமாரி. கட்டில் இருந்த இடத்துக்கு மட்டும் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. காலியாக விட மனம் வராமல், 'சாமான்கள்' என்று எழுதிவைத்தேன்.

குளியலறை வேலை முடிந்தது. அக்காவைக் கூட்டிவரலாம் என்றார். சுவர் இன்னும் காயவில்லையே என்றேன். சுவரும் காயவில்லைதான். பத்து மணி தவறாமல் பார்த்துக்கொண்டேன்.

அவர் சலித்துப்போய்த்தான், எங்கே ஒழுகுகிறதென்று கண்டுபிடிக்க உங்களைக் கூப்பிட்டார். "இன்னமும் மேலேருந்துதான் ஒழுகுதுன்னு தெரிஞ்சா, மாடித் தண்ணியையே அடைச்சிட வேண்டியதுதான். அக்கா மகளோடயே இருந்துக்கட்டும், மெஷினை வித்துக் குடுத்துடலாம்," என்று நேற்றுச் சாப்பிடும்போது சொன்னார். சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

"அந்தத் தம்பி நாளைக்கு மேல சாயத் தண்ணி ஊத்திப் பாக்கப்போறாரு. சாயம் கீழ சுவத்துல தெரிஞ்சா முடிஞ்சுது கதை," என்றும் சொன்னார். என்ன சாயம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். வெள்ளைத் துணிக்குச் சொட்டு நீலம் போட்டே பழகிய கை இது. சாயம் என்றால் எனக்கு வேறு எது தோன்றும்? இன்று பத்து மணிக்கு, குவளையில் நான்கு சொட்டு கூடுதலாகவே விட்டேன்.

நீங்கள் ஊற்றியது சிவப்பு என்று உங்கள் முகத்தைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. சுவர் நீலமாக நிற்கிறது, நீங்கள் சிவப்பு வாளியோடு நிற்கிறீர்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். நீங்களும் கொஞ்சம் சிரித்திருக்கலாம்.

ஆமாம், ஊற்றியது நான்தான். நூற்று நாற்பத்தொரு நாள். ஆனால் யோசித்துப் பாருங்கள், உங்கள் அறிக்கையில் 'சுவரில் நிறம் தெரிந்தது' என்று எழுதினால் அதில் ஒரு பொய்யும் இல்லை. என்ன நிறம் என்று அவர் கேட்கப்போவதில்லை. சமையலறை, மாடி இரண்டு வேலையும் உங்களுக்குத்தான். நோட்டு இதோ, அளவெல்லாம் சரியாக இருக்கும்.

ஏன் அந்தப் படி துடைக்கிற துணியையே பார்க்கிறீர்கள்? அது நாத்தனார் விட்டுப்போனது. கிளம்பும்போது மாடிச் சாவியையும் அதையும் என் கையில் கொடுத்தார். "இனிமே படியை நீதாம்மா தொடைக்கணும். தெனம் பத்து மணிக்கு மேல, படித் திருப்பத்துல ஈரமா இருக்கும். நான் தொடைச்சிக்கிட்டு இருந்தேன். நீ வழுக்கி விழுந்து வைக்காதே," என்றார். கண் கலங்கியிருந்தது, என் தலையைத் தடவிவிட்டுப் போனார். நான் உடனே இவரிடம் சொன்னேன், பார்த்தீர்களா, படி வரைக்கும் ஒழுகுகிறதென்று உங்கள் அக்காவே ஒப்புக்கொள்கிறார் என்று.

பாவம், கடைசிவரைக்கும் அவருக்கு ஒன்றுமே தெரியாது. தெரிந்திருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டாரா?